காம்பவுண்டுச் சுவரில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்

பட்டாம்பூச்சிகள் கோபித்துக்கொண்டு வந்து காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்த சங்கதியை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டால் ஒரு கதை, மார்க்கெட்டில் கேட்டால் வேறொரு கதை, என் கூடப்பிறந்த தங்கச்சியே சுரண்டையில் இருந்துகொண்டு நேரில் பார்த்தவள் மாதிரி அளக்கிறாள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவர் என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. என் பெயர் செண்பகம். இடுப்பு வலி வந்த நாளிலிருந்து வாசலில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு ஜோலி கிடையாது.

தென்காசியில் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே குமரன் நகர், அதில் மூணாவது தெரு எங்கள் தெரு. இருபத்திரண்டு வீடு, அதில் இருபத்தோரு வீட்டில் கேட்டைத் திறந்தால் சிமெண்டுத் தரை. மண் இருந்தால் தூசி, தூசி இருந்தால் தும்மல், மழை பெய்தால் சகதி, சகதி இருந்தால் வீட்டுக்குள் சண்டை என்று ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போட்டோம், நானும் போட்டேன், அதில் வழுக்கி விழுந்துதான் என் இடுப்பே போனது, அதை வாய்விட்டுச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. மண் மிச்சம் இருந்தது ஆவுடைநாயகி வீட்டு வாசலில் மட்டும்தான், பத்தடிக்கு இருபதடி இருக்கும்.

ஆவுடை மைனி கூட்டுறவுப் பண்டகசாலையில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் முப்பத்தோரு வருஷம் பில் போட்டவள். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு, இனிமேல் எனக்குத் தினமும் பட்டாம்பூச்சி பார்க்க வேண்டும், அதுவும் என் வீட்டு வாசலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். அவள் புருஷன் பிரமநாயகம் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதியே வாழ்க்கையை ஓட்டியவர், அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. முப்பது வருஷம் ஊரில் உள்ளவனையெல்லாம் வண்டி ஏற்றி அனுப்பினேன், ஒரு நாளாவது என் வாசலில் என் சொந்த வண்டியில் இருந்து நான் இறங்க வேண்டும், அதற்கு வாசலில் சிமெண்டு போட வேண்டும் என்றார். வண்டி இன்னும் வாங்கவில்லை. ஆனால் சிமெண்டுக்குக் கொத்தனார் முப்பிடாதியிடம் சொல்லி வைத்துவிட்டார்.

ரெண்டு பேரும் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்து, கடைசியில் ஆவணி மாசம் தெருவில் வைத்து எங்கள் எல்லார் முன்னாலும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தை ஐந்தாம் தேதி, காலை ஒன்பது பத்துக்கு நல்ல நேரம், அதற்குள் ஒரே ஒரு பட்டாம்பூச்சி கேட்டுக்குள் வந்து ஒரு செடியில் உட்கார்ந்தால் மண் மண்ணாகவே இருக்கும், ஆவுடையின் வாசல். உட்காரவில்லை என்றால் ஒன்பது பதினொன்றுக்கு முப்பிடாதி கொத்துக்கரண்டியை எடுப்பான்.

"ஒண்ணு போதுமா, மைனி?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணு வந்தா போதும் செம்பகம், அது போயி மத்ததக் கூட்டிட்டு வந்துராதா" என்றாள்.

முதலில் அவள் நர்சரியில் போய்ச் செடி வாங்கி வந்தாள். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம், நிறம் என்றால் கண்ணைக் குத்துகிற நிறம், பெயர் வாயில் நுழையாது. மூணு மாசம் தண்ணீர் ஊற்றினாள். வந்தது ஒரு ஈ. அதுவும் வழி தெரியாமல் வந்தது போல, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. அண்ணாச்சி தினமும் காலையில் ஒன்பது பத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "வருகை இல்லை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போவார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடிந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் ஆவுடை ரயில்வே கேட் மூடி நிற்கும்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள். அங்கே குப்பை கொட்டுகிற பொட்டல் ஒன்று இருக்கிறது, ஒருத்தரும் தண்ணீர் ஊற்றாத, ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத இடம், எருக்கும் ஆவாரையும் தும்பையும் கிலுகிலுப்பையும் தான்தோன்றியாக முளைத்துக் கிடக்கும், அதற்கு மேலே பார்த்தால் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி பட்டாம்பூச்சி. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தும் இவள் நகரவில்லை. வீட்டுக்கு வந்து நேரே என்னிடம்தான் வந்தாள்.

"செம்பகம், அவிய வாய்க்கு ருசிச்ச சாப்பாடெல்லாம் அங்கல்லா இருக்கு. நான் இங்க ஓட்டல் சாப்பாட வச்சிக்கிட்டு ஏன் வரல, ஏன் வரலன்னு உக்காந்திருக்கேன்."

மறுநாளே நர்சரிச் செடிகளைப் பிடுங்கி வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பொட்டலில் இருந்து எருக்கைத் தோண்டினாள், ஆவாரையைத் தோண்டினாள், தும்பையைத் தோண்டினாள், வேலியில் கிடந்த ஆடுதீண்டாப்பாளைக் கொடியைச் சுருட்டி எடுத்து வந்தாள், என் வீட்டுக் கொல்லையில் இருந்து கறிவேப்பிலைக் கன்று ரெண்டு வாங்கிப் போனாள். வீட்டு வாசலில் யாராவது எருக்கு வைப்பார்களா, குடும்பத்துக்கு ஆகாதே என்று தெருவே கூடி நின்று பேசியது. "பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடும்போது ஆகுது, என் வாசல்ல நின்னா ஆகாதா" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் செடிகளில் இலைக்கு அடியில் கடுகை விடச் சின்னதாக முட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்ததை அவளும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

மார்கழியில் அவள் தம்பி மகளுக்குப் பாவூர்சத்திரத்தில் வளைகாப்பு, ஐந்து நாள் போய்விட்டாள். அந்த ஐந்து நாளில்தான் நாங்கள் கெடுத்தோம். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது, அதைச் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் திரவியம் என்று ஒரு தம்பி வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான், ஊரில் காதுகுத்து முதல் கருமாதி வரை அவன் அண்டா போகாத வீடு இல்லை, எந்த வீட்டு விசேஷத்தில் எந்த மாமா எதற்காகக் கோபிப்பார் என்று முன்கூட்டியே சொல்லுகிறவன். அவன்தான் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நம்ம தெருவுக்கு விருந்தாளி வரப் போறாவ. ஆவுடை அக்கா வாசலப் பாத்தியளா, எப்படிக் கெடக்குன்னு" என்றான்.

பார்த்தால் இலையெல்லாம் ஓட்டை. ஓட்டைக்கு ஒரு புழு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு, பச்சைப் புழு, பறவை எச்சம் மாதிரி அசையாமல் கிடக்கிற புழு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தண்டி. விருந்தாளி வருகிற வீட்டை இப்படியா வைத்திருப்பது என்று எங்களுக்கு மானமே போய்விட்டது. வாளியை எடுத்தோம், விளக்குமாற்றை எடுத்தோம், ஓட்டை இலையை ஒன்று விடாமல் கிள்ளினோம், புழுவை ஒன்று விடாமல் பொறுக்கினோம், நானும்தான் நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு பொறுக்கினேன், மறைப்பானேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான், புழுதான் பட்டாம்பூச்சி ஆகும் என்று படம் போட்டு மார்க் வாங்கினவர்கள்தான். ஆனாலும் புழுவைக் கண்டால் கை தானாகப் போகிறதே, என்ன செய்ய. ஒரு வாளி நிறைய சேர்ந்தது. அண்ணாச்சிதான் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பொட்டலில் தட்டிவிட்டு வந்தார். பிறகு தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டோம்.

ஆவுடை வந்து பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். புழு பொறுக்கினதை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

அதற்கு மறுநாள் காலை எட்டு மணி இருக்கும், அவர்கள் வந்தார்கள். மேற்கே இருந்து, தண்டவாளத்தைத் தாண்டி, கூட்டங்கூட்டமாக, வெந்தய நிறத்தில் சிலர், எலுமிச்சம்பழ மஞ்சளில் சிலர், கறுப்புப் பட்டு உடுத்திச் சிவப்பு ரவிக்கை போட்டது போலச் சிலர், தெருவே நிறைந்துவிட்டது. ஆவுடை கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் கேட்டு வரைக்கும் வந்தார்கள், உள்ளே ஒரு தடவை பார்த்தார்கள், அப்படியே நின்றார்கள், பிறகு ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்க் காம்பவுண்டுச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறக்கையை மூடிக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அது என்னவென்று சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பால் ஊற்ற வந்தவன்கூட சைக்கிளை நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முறையா அழைக்கலையோ" என்றான்.

திரவியத்தைக் கூப்பிட்டோம். அவன் சுவரோரமாக அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடி வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். "அண்ணாச்சி, இது சாதாக் கோபம் இல்ல. சாதாக் கோபம்னா ஒரு கண்ணு பந்திப் பக்கம் இருக்கும். இவிய சாப்பாட்டுப் பக்கமே திரும்ப மாட்டேங்காவ" என்றான்.

"சுவரு கேட்டுக்கு வெளிய கணக்கு" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அவர் கவலை.

வெற்றிலை பாக்கு, பழம், பூ, சந்தனம், குங்குமம் வைத்துத் தாம்பாளத்தோடு போய் அழைத்தோம். ஒருத்தரும் அசையவில்லை. பத்திரிகை அடிக்காமல் கூப்பிட்டதுதான் குறை என்று திரவியம் சொன்னான், பத்திரிகை அடித்தோம், அதில் யார் பெயரை முதலில் போடுவது என்று ரெண்டு நாள் சண்டை, கடைசியில் பெயரே போடாமல் அடித்து ஆவுடை சுவர் முன்னால் நின்று மூன்று தரம் வாசித்தாள். மேளக்காரரைக் கொண்டுவந்து வாசித்தோம். தாய்மாமனுக்கு மரியாதை செய்யவில்லையோ என்று அடுத்த சந்தேகம் வந்தது. கூட்டத்திலேயே பெரியவராக, உடம்பு சிவப்பாக ஒருத்தர் இருந்தார், அவர்தான் தாய்மாமன் என்று முடிவு பண்ணி, டெய்லரிடம் சொல்லி நகக்கண் அளவில் கரை வைத்த வேட்டியும் துண்டும் தைத்து வாங்கி, தாம்பாளத்தில் வைத்து நீட்டினோம். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு அங்குலம் தள்ளி உட்கார்ந்தார்.

நாள் ஓடியது. தெரு அவர்களுக்குத் தக்கபடி பழகிக்கொண்டது. அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் துணி காயப் போடவில்லை, காய்கறி வண்டிக்காரர் அந்த இடம் வந்ததும் மைக்கை அணைத்தார், எங்கள் வீட்டுக்குள்கூட, துக்க வீட்டில் பேசுவது போலத் தணிந்த குரலில் பேசினோம். விஷயம் கேள்விப்பட்டு வெளியூரில் இருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் மேலகரத்துக்காரர், தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை மூணாவதாகப் போட்டார்கள் என்று ஏழு வருஷமாகக் கோபித்துக்கொண்டிருக்கிறவர். சுவரில் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது, ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்து அவரும் முதுகைக் காட்டிக்கொண்டார். மறுநாள் கடையத்தில் இருந்து ஒரு சித்தி வந்தாள், பந்தியில் அவளுக்குப் பாயாசம் விடாமல் தாண்டிப் போய்விட்டார்களாம். இப்படி ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். காலையில் காபி கொண்டுபோய்க் கொடுப்போம், முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைப் பின்பக்கமாக நீட்டுவார்கள்.

அண்ணாச்சி மட்டும் தினமும் ஒன்பது பத்துக்கு வந்து, "வருகை உண்டு, உள்ளே வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடை சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். பகலெல்லாம் எருக்கஞ்செடி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பாவமாக இருந்தது. கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு முகம் கொடுக்காமல் இருப்பது, வராமலே இருப்பதை விடக் கொடுமை இல்லையா.

தை மூணாம் தேதி சாயங்காலம் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. முதுகைக் காட்டுகிறார்கள், முதுகைக் காட்டுகிறார்கள் என்கிறோமே, அப்படியானால் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். தெருவைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்தும் இல்லை. அத்தனை பேரும் தலையை மட்டும் மேற்கே, தண்டவாளத்துப் பக்கம் திருப்பியிருந்தார்கள். அண்ணாச்சி வாளியைத் தட்டினதும் அந்தப் பக்கம்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் ஆவுடையிடம் வாளி விஷயத்தைச் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓட்டைகூட இல்லாத பச்சை இலைகள்.

"விருந்துக்கு வந்த வீட்ல உன் புள்ளயக் காணோம்னா, நீ உள்ள போயி இலையில உக்காருவியா செம்பகம்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரவியமும் வந்தான், கேட்டான், தலையில் கையை வைத்துக்கொண்டான். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு குற்றம் பார்த்ததில்லை என்றான். பந்தியில் உப்பு வைக்காவிட்டால் சமாதானம் பண்ணலாம், பெயரை மாற்றிப் போட்டால் சமாதானம் பண்ணலாம், வந்தவர்களுடைய பிள்ளையைக் குப்பையில் தட்டினதற்கு என்ன சமாதானம். "தட்டினவங்கதான் போயி அழைச்சிட்டு வரணும். வேற ஆளு போனா மரியாதை இல்ல" என்று அண்ணாச்சியைப் பார்த்தான்.

"நான் ஏன் போகணும்? நாளை ஒரு நாள் கழிஞ்சா என் வாசல் எனக்கு" என்றார் அண்ணாச்சி. ஆவுடை மறுநாள் முழுக்க அவருக்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள், காபி வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் தேதி சாயங்காலம் அண்ணாச்சி தனியாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தார் என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டியும் வந்து நின்று, எல்லாரும் இறங்கிப் போன பிறகும், தன் பிள்ளை இறங்கவில்லையே என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தாய்மாரை அவர் முப்பது வருஷம் பார்த்திருக்கிறார். அவர்கள் அழ மாட்டார்களாம், ஒருத்தரிடமும் எதுவும் கேட்க மாட்டார்களாம், வண்டி வருகிற திசையை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். "அதே மாதிரிதான் உக்காந்திருந்தாவ, செம்பகம். என்னால அதுக்கு மேல பாக்க முடியல" என்றார்.

மறுநாள் தை ஐந்து. காலையில் ஆறு மணிக்குத் திரவியம் கடைக் கதவை அண்ணாச்சி தட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "பெரிய தாம்பாளம் எத்தன இருக்கு?" என்று கேட்டாராம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் பார்க்கவில்லை, திரவியம் சொன்னதைச் சொல்லுகிறேன். மேளத்தோடுதான் போனார்கள். புழுக்கள் அத்தனையும் பொட்டலில் எருக்குக்கு அடியிலும் ஆவாரைக்கு அடியிலும் இருந்தன. கூடு கட்ட வேண்டிய நாள் தாண்டியும் கட்டாமல், கோபத்தில் தின்னாமலும் இருந்து, இலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தன. தாம்பாளத்தை நீட்டினால் மறுபக்கம் திரும்பிக்கொண்டன. மேளம் ரெண்டு பாட்டு வாசித்தும் நடக்கவில்லை. அண்ணாச்சி கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒருத்தரிடமும் தன் மேல் தப்பு என்று சொன்னவர் இல்லை, சொந்தப் பெண்டாட்டியிடம்கூட இல்லை. அவர் அந்தக் குப்பை மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு எருக்கிலையைப் பார்த்து, "தெரியாம செஞ்சிட்டேன். தப்புதான். உங்கம்மால்லாம் வந்து காத்திருக்காவ, வாங்க" என்றாராம். முதலில் ஒன்று தாம்பாளத்தில் ஏறியது. பிறகு ஒவ்வொன்றாக ஏறின. தாம்பாளம் பத்தாமல் அவர் தோளில் ஏறின, சட்டைப் பையில் ஏறின, ஒன்று மீசையில் போய் உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடிவிட்டது. மேளமும் தாம்பாளமும் மீசையுமாக அத்தனை பேரும் வெயிலில் நின்று, ரயில் போனபிறகுதான் வந்தார்கள்.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டதும் சுவரில் இருந்தவர்கள் பதிமூன்று நாளில் முதல் தடவையாக இறக்கையை விரித்தார்கள். அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவரை அப்படி ஒரு நிறத்தில் நான் பார்த்ததே இல்லை. தாம்பாளம் கேட்டுக்குள் போக, அவர்களும் பின்னாலேயே போனார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு பிள்ளையையும் அதற்குரிய செடி எது என்று ஆவுடையிடம் கேட்டுக் கேட்டு இறக்கிவிட்டார். தாய்மார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எருக்கில் உட்கார்ந்தார்கள், ஆவாரையில் உட்கார்ந்தார்கள், தும்பைப்பூவில் வாய் வைத்தார்கள். ஆவுடை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள், நாங்களும் அழுதோம், மேலகரத்துக்காரரும் அழுதார்.

அண்ணாச்சி மீசையில் இருந்ததைக் கறிவேப்பிலையில் விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது பதினஞ்சு" என்றார்.

கேட்டுக்கு வெளியே முப்பிடாதி மணலும் சிமெண்டு மூட்டையும் ஏற்றிய சின்ன லாரியோடு வந்து நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிசந்தான. அதுவும் கேட்டு மூடினதால" என்றான் திரவியம்.

"அஞ்சு நிமிசம்னா அஞ்சு நிமிசம். பஸ்ஸு போயிரும்" என்றார். முப்பது வருஷப் பழக்கம், அந்த ஆளின் வாயில் இருந்து வேறு எதுவும் வரவில்லை. எனக்கு அந்த லாரியில் இருந்த கரண்டியை எடுத்து அவர் தலையில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிதான். பேச்சுன்னா பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் செடிகளைப் பார்த்தாள். கடைசியாகப் பார்க்கிற பார்வை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

முப்பிடாதி கரண்டியோடு கேட்டுக்குள் கால் வைத்தான். "பொறுல" என்றார் அண்ணாச்சி. "அவிய சாப்பிட்டு எந்திரிக்கட்டும். பந்தியில இருக்கவங்கள எழுப்பக் கூடாது."

அரை மணி நேரம் ஆகியிருக்கும், எழுந்தார்கள். எழுந்தவர்கள் போய்விடவில்லை. விருந்துக்கு வந்து சாப்பிட்டவர்கள் பதிலுக்குத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டுமே, அந்த முறை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆவுடையின் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியே போய், மேற்கே பார்த்துக் காற்றில் நின்றார்கள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். திரவியத்தின் முன்னால் ஒருத்தர் வந்து நின்றார், அவன் அண்டாவைப் போட்டது போட்டபடி கிளம்பினான். மேளக்காரரைக் கூப்பிட்டார்கள், பால்காரனைக் கூப்பிட்டார்கள், மேலகரத்துக்காரரைப் பெயர் வரிசையில் முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள், அவர் சுவரில் இருந்து குதித்த குதியில் வேட்டி கிழிந்தது. கடையத்துச் சித்தியை ரெண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் ஒருத்தரை விடாமல் கூப்பிட்டார்கள். என் முழங்காலில்கூட ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், எனக்கு நடக்க முடியாதும்மா என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள். தெருவே திரண்டு தண்டவாளத்தைப் பார்த்து நடந்தது, முன்னால் ஆவுடை, அவளுக்கு மேலே அவர்கள்.

அண்ணாச்சியை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டம் தெரு திரும்புகிற இடத்துக்குப் போய்விட்டது. பிறகு அந்த அறுபத்திரண்டு வயது மனிதர், பதிமூன்று நாளாக அவர்கள் உட்கார்ந்திருந்த அதே சுவரில் ஏறி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கலவை போடவா?" என்றான் முப்பிடாதி.

அவர் காது மடல் மட்டும் சிவந்து கிடந்தது. எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அப்போது தெருமுனையில் இருந்து ஒருத்தர் திரும்பி வந்தார். பெரியவர் இல்லை, அழகும் சொல்லுகிற மாதிரி இல்லை, சாம்பலும் நீலமுமாகப் பொத்தான் அளவில் ஒருத்தர், அவசரத்தில் விட்டுப்போனதை நினைத்துக்கொண்டு ஓடி வருகிறவர் போல வந்து, அண்ணாச்சியின் தோளில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, ஒரு கஜம் முன்னால் போய், காற்றில் நின்றார்.

"என்னையா?" என்றார் அண்ணாச்சி.

வந்தவர் அங்கேயே காற்றில் நின்றார்.

"ஒரு வார்த்த கூப்பிட்டா வராமலா இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி சுவரில் இருந்து பைய இறங்கினார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பைத் தேடினார், ஒன்றுதான் கிடைத்தது, அதையும் கழற்றி வைத்தார்.

"அண்ணாச்சி, சிமெண்ட எங்க எறக்க?" என்றான் முப்பிடாதி.

"மண்ணு கெடக்கட்டும்ல, முப்பிடாதி. சிமெண்டப் போட்டுட்டா, நாளப்பின்ன அவிய புள்ளகுட்டியோட வந்தா எங்க உக்காருவாவ?"

சொல்லிவிட்டு வெறுங்காலோடு, முன்னால் போகிற அந்தப் பொத்தானைப் பார்த்தபடி, கிட்டத்தட்ட ஓட்டமாக நடந்தார். தெரு திரும்புகிற இடத்தில் எல்லாரும் போய்விட்டார்கள், முதல் ஆளாகப் போன ஆவுடை மட்டும் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆளாகக் கண்ணுக்குத் தெரிந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.